பால் ஊற்ற வேண்டும் என்றேன்

இங்கே தினமும் காலையில் எனக்கு ஒரு சின்னச் சங்கடம். வட இத்தாலியில், மலைச்சரிவில் இருக்கும் சீஸ் கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். பால் வந்து தாமிர அண்டாவில் இறங்கியதும் முதலாளியம்மா பியேரா ஒரு தம்ளர் மொண்டு என்னிடம் நீட்டுவார். காய்ச்சாத பால். நான் கிணத்துக்கடவுக்காரன், எனக்கு அது தொண்டையில் இறங்காது. அறைக்குக் கொண்டுபோய்க் காய்ச்சித்தான் குடிப்பேன். இது தெரிந்த அன்று பியேரா தலையில் அடித்துக்கொண்டார். காய்ச்சினால் அது 'லாத்தே மோர்த்தோ'வாம். ஏதோ மோர் சமாச்சாரம் என்று நினைத்துத் தலையாட்டி வைத்தேன். செத்த பால் என்று அர்த்தமாம். புல்லின் வாசமும் பாலைப் பக்குவமாக்கும் உயிரும் பச்சைப்பாலில்தான் இருக்கின்றன, அடுப்பில் ஏற்றினால் எல்லாம் போச்சு, அப்புறம் எந்த மலையில் கறந்தால்தான் என்ன என்பார்.

எங்கள் பக்கம் பச்சைப்பால் சாமிக்கு, பாம்புப் புற்றுக்கு. அதற்கப்புறம், போகிறவர்களின் வாய்க்கு. அப்பா மாடு கறந்துகொண்டே சிரிப்பார். "ஏங்கண்ணு, கடசீல உங்கையால ஒருவாய் பச்சப்பால் ஊத்திப்போடு. பாக்கெட் பால ஊத்தி என்னைய அனுப்பிப்போடாதீங்க." நான் விமானம் ஏறிய பிறகு மாட்டைப் பார்க்க ஆளில்லை. பொள்ளாச்சிச் சந்தையில் விற்றுவிட்டு, கோயமுத்தூரில் தம்பி சக்தியின் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்டார்.

போன மாதம் சக்தி கூப்பிட்டான். "அண்ணா, அப்பாவுக்குப் பேச்சு நின்னுபோச்சுங்க. டாக்டரு ஊட்டுக்கே கூட்டிட்டுப் போகச் சொல்லிட்டாருங்க. பால் ஊத்தோணும், வந்துருங்கண்ணா."

உடனே பியேராவிடம் போய் நின்றேன். "அப்பா. நான் ஊருக்குப் போகணும். அவருக்குப் பால் ஊற்றணும்" என்று எனக்குத் தெரிந்த இத்தாலியனில் சொன்னேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பால் கேட்கிறாரா? அப்படியென்றால் தேறிவிடுவார்! மேய்ச்சல் முடிந்து மாடுகள் மலையிலிருந்து இறங்கட்டும், வேலை குறைந்துவிடும், இன்னும் இரண்டு வாரம்தானே, நிம்மதியாகப் போய் வா" என்றார். அதோடு விடவில்லை. உள்ளே போய் ஒரு வருடம் பழுத்த சீஸ் துண்டு ஒன்றைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தார். பச்சைப்பாலில் செய்தது, அப்பாவுக்குத் தெம்பு வரும், போகும்போது எடுத்துப் போ என்று என் கையில் திணித்தார்.

சரியான வார்த்தை எனக்குத் தெரியாமல் இல்லை. மோர்த்தோ. அந்த அம்மாள் ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்லுகிற வார்த்தை. ஆனால் மூச்சு இருக்கிற அப்பாவைப் பற்றி அதை எப்படிச் சொல்வது? எங்கள் ஊரில் வைத்தியர்கூட வாய்விட்டுச் சொல்லமாட்டார். பால் ஊற்றணும் என்றால் சொந்தபந்தமெல்லாம் பஸ் ஏறிவிடும். இங்கே அதைச் சொன்னதற்கு எனக்குச் சீஸ் கிடைத்தது. இன்னொரு முறை வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை மட்டும் வரவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று போய்ப் படுத்தேன்.

மறுநாள் காலை, அண்டாவில் பாலை உறைய வைக்கும் மருந்தைக் கையால் கலக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பியேராதான் அதை எடுத்து என் முகத்துக்கு நேரே பிடித்தார். திரையில் அப்பா. கட்டிலைச் சுற்றிச் சொந்தக்காரர்கள். "நேரமில்லீங்கண்ணா. பச்சப்பாலுக்குக் கீழ் ஊடு மேல் ஊடெல்லாம் கேட்டுப்போட்டேன், ஒருத்தர்கிட்டயும் இல்லீங்க. உங்களுக்கும் சேத்து நானே ஊத்தீர்றேன்" என்றான் சக்தி. பாக்கெட்டின் மூலையைப் பல்லால் கடித்து, கரண்டியில் ஊற்றி, அப்பாவின் உதட்டில் விட்டான். பாதி கடைவாயில் வழிந்தது. பாதி இறங்கியது. எனக்குக் கத்த வேண்டும் போலிருந்தது.

பியேரா என் தோளைத் தட்டினார். "பேவே! குடிக்கிறார், பார், குடிக்கிறார்!" அவர் கண்ணில் நிஜமான சந்தோஷம்.

என் கை முழங்கை வரை பச்சைப்பாலில் இருந்தது.