இடப்பக்கம் சாய்ந்த அலெக்சாண்டர்

வேஷ டிரெஸ் வாடகைக்கு விடும் தொழிலில், மேடையில் பாட்டுப் போட்ட பிறகு ஓடி வந்து, "யக்கா, ஒரு ராஜா இருந்தா குடு" என்று நிற்பவர்கள்தான் அதிகம். மைக் செட்டுக்காரர்களே, பந்தல் போடுகிறவர்களே, உங்களுக்கு என் பாடு புரியும். நான் ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவள். ராயபுரத்தில் கடை. எத்தனையோ ராஜாக்களுக்கு நாடா கட்டி அனுப்பியிருக்கிறேன். போன பொங்கலுக்கு வந்த ராஜாவை மட்டும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறேன்.

மீசை வேண்டாம்

அற்புதராஜ் சார் ரிட்டயரான சரித்திர வாத்தியார். திருவொற்றியூரில் ஒரு குடியிருப்பில் பொங்கல் விழாவுக்கு அலெக்சாண்டர் நாடகம் போடப் போவதாக வந்தார். நான் வெல்வெட் கோட்டு, கிரீடம், முறுக்கு மீசை என்று எடுத்துப் போட்டேன். மனுஷன் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டார். கையில் ஒரு தடிப் புத்தகம். அந்த ராஜா செத்துப் பல தலைமுறை கழித்து ஒரு கிரேக்கர் எழுதிய வரலாறாம். சண்டையை விடச் சின்னச் சின்ன விஷயத்தில்தான் ஆள் தெரியும் என்று நினைத்தவராம் அவர். அதனால் அவர் எழுதியபடிதான் வேஷம் இருக்க வேண்டும் என்றார் சார்.

"ராஜாவுக்குத் தாடி மீசை கிடையாதும்மா. படையில எல்லாருக்கும் தாடிய வழிக்கச் சொன்னவரு. சண்டையில எதிரி தாடியப் புடிச்சு இழுத்துடுவான்ல?" என்றார்.

என் கடையில் மீசை ஒட்டும் முனுசாமிக்கு முகம் விழுந்துவிட்டது. அவன் வேலை போச்சே. கோந்து டப்பாவை மூடிக்கொண்டே சொன்னான்: "எங்க வூட்ல சட்டைக் காலரப் புடிச்சுதான் சார் இழுக்கறா. அதுக்கோசரம் நான் சட்டையில்லாம சுத்த முடியுமா?"

கழுத்து

அடுத்தது ராஜாவுக்கு ஆள். குடியிருப்பில் ஜிம்முக்குப் போகிற பையன் ஒருவனைப் பிடித்திருந்தார்கள். பார்க்க லட்சணம். ஆனால் புத்தகத்தில் ராஜாவின் கழுத்து கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்திருக்கும், கண்ணில் ஈரம் மின்னும் என்று எழுதியிருக்கிறதாம். பையன் கழுத்தைச் சாய்த்தால் வசனம் மறந்தான், வசனம் சொன்னால் கழுத்து நிமிர்ந்தது. நாலாம் நாள் சுளுக்கிக்கொண்டு தைலம் தடவப் போய்விட்டான்.

சார் என் கடையில் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோதுதான் ஏழுமலை வந்தான். ஹார்பரில் கன்டெய்னர் கட்டுகிற வேலை. மகள் போட்ட பாரதமாதா டிரெஸ்ஸைத் திருப்பிக் கொடுக்க வந்தவன். பிறவியிலேயே அவனுக்குக் கழுத்து இடப்பக்கம் சாய்ந்திருக்கும். கல்யாணப் போட்டோவில்கூட போட்டோகிராபர் அவன் தாடையை நிமிர்த்தி நிமிர்த்தி அலுத்துப்போனாராம். ஹார்பரில் அவனுக்குக் கோணக் கொடிமரம் என்று பட்டப்பேர்.

சார் எழுந்து நின்றேவிட்டார். "ஐயா, அப்படியே நில்லுங்க! அந்தக் கழுத்து! அந்தக் கழுத்துதான் வேணும்!"

ஏழுமலை துணிப்பையை மேஜைமேல் வைத்தான். "வாத்தியாராச்சேன்னு பாக்கறேன் சார். கலாய்க்கணும்னா ஹார்பர் கேட்டாண்ட போய் நில்லு. அங்க ஷிப்டுக்கு ஷிப்டு அதான் நடக்குது."

இன்னொரு தபா

மறுநாள் சார் புத்தகத்தோடு அவன் வீட்டுக்கே போனார். எனக்கும் சும்மா இருக்க முடியவில்லை, கூடப் போனேன். வாசலிலேயே நின்று அந்தக் கழுத்துப் பகுதியைத் தமிழில் சொல்லிக்காட்டினார். ஏழுமலை, "இன்னொரு தபா சொல்லு" என்றான். சொன்னார். அவன் மனைவி கோமதி கரண்டியோடு வந்து, "எனுக்கு கேக்கல, மறுபடி" என்றாள். மறுபடி சொன்னார்.

"ஏன் சார், இவ்ளோ பெரிய ராஜா. அத்த மறைச்சு எழுதியிருக்கலாம்ல?" என்று கேட்டான் ஏழுமலை.

"எழுதியிருக்கலாம். ஆனா அவரு மறைக்கலியே" என்றார் சார்.

ஏழுமலை கழுத்தை ஒருமுறை தடவிக்கொண்டான். பிறகு சொன்னான்: "வரேன் சார். ஆனா ஜெயிக்கிற எடம் வரைக்கும்தான். சாவற சீனுக்கு வேற ஆளப் பாத்துக்கோ."

ஹெல்மெட்டுத் தண்ணீர்

ஒத்திகை குடியிருப்பு மைதானத்தில். படை முழுக்க ஹார்பர் ஹெல்மெட், மேலே வெள்ளித்தாள். பாலைவனத்தில் எல்லாருக்கும் தாகம், ராஜாவுக்கு மட்டும் ஒரு ஹெல்மெட்டில் தண்ணீர் கிடைக்கிறது. அவர் படையைப் பார்க்கிறார், குடிக்காமல் திருப்பிக் கொடுத்துவிடுகிறார். சாரின் புத்தகத்தில் இப்படி. படைத்தளபதியாக நடித்தவன் செல்போனை நீட்டினான். அதில் ராஜா தண்ணீரை மண்ணில் ஊற்றிவிட்டதாக இருந்தது. ஊற்றினால்தான் மேடையில் எடுப்பாக இருக்கும் என்று படையே இரண்டாகிவிட்டது.

பக்கத்தில் தண்ணி லாரிக்குக் குடத்தோடு நின்ற ஏழுமலை தெருக்காரி கன்னியம்மா இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வரிசையில் குடத்தை வைத்துவிட்டு வந்தாள்.

"டேய் ஏழுமல, திருப்பிக் குடுத்தா நீ ராஜா. கீழ ஊத்துன, மேடைன்னு கூடப் பாக்க மாட்டேன், ஏறி வந்து உதைப்பேன்."

நிழலுக்குப் பயந்த குதிரை

ராஜாவின் குதிரை முரட்டுக் குதிரையாம். தன் நிழலைப் பார்த்தே மிரளும். சின்ன வயதிலேயே ராஜா அதைக் கவனித்து, சூரியன் பக்கம் திருப்பி அடக்கினாராம். என்னிடம் குதிரை இல்லை. காளை மாட்டு வேஷம்தான் இருந்தது. கொம்பைக் கழற்றிப் பிடரி மயிர் ஒட்டினேன். முன்கால் ஒருத்தன், பின்கால் ஒருத்தன். ஒத்திகையில் விளக்குப் போட்டதும் குதிரை நிஜமாகவே மிரண்டு அலறியது. சார் பூரித்துப்போய், "பிரமாதம், நிழலுக்குப் பயப்படுறது தத்ரூபம்!" என்றார்.

பின்காலாக இருந்தவன் துணியை விலக்கித் தலையை நீட்டினான்: "நிழலாவது ஒண்ணாவது. முன்னாடி கீறவன் மத்தியானம் மொச்சக்கொட்ட துன்னுட்டு வந்துகிறான் சார்!"

காலர்

விழா நாள். மேக்கப் நாற்காலியில் ஏழுமலை உட்கார்ந்தான். பவுடர் நிற்கவில்லை, அப்படி வியர்வை.

"யக்கா, கழுத்து தெரியாம ஒசரமா ஒரு காலர் வெச்சுடு. ஹார்பர் ஆளுங்க மொத வரிசைல குந்திகினு கீறானுங்க. எம் பொண்ணும் கீது. அதும் முன்னாடி அந்தப் பேரச் சொல்லிக் கத்துவானுங்க."

நான் மறுக்கவில்லை. அட்டை வைத்த காலரைச் சிவப்பு அங்கியில் கோத்துக் கொக்கி மாட்டினேன். காதுவரை மறைத்தது. சார் பார்த்தார். புத்தகத்தை மூடி அக்குளில் வைத்துக்கொண்டார்.

தண்ணீர்க் காட்சி வரை எல்லாம் நல்லபடி போனது. ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுக்கக் குனிந்தபோது முதல் வரிசையிலிருந்து ஒரு குரல்: "கோணக் கொடிமரம்! கழுத்த நிமித்துடா!" மொத்தக் கூட்டமும் சிரித்தது. அவன் மகள் மட்டும் சிரிக்கவில்லை. இப்போது இறங்கி ஓடிவிடுவான் என்றுதான் சைடு திரையில் நின்ற நான் நினைத்தேன்.

ஏழுமலை மகளைப் பார்த்தான். பிறகு கொக்கியைக் கழற்றி, காலரைத் தூக்கிக் கூட்டத்தில் வீசினான். கழுத்து அதன் போக்கில் சாய்ந்து நின்றது. முதல் வரிசையைப் பார்த்து, சார் எழுதிக் கொடுக்காத ஒரு வசனத்தைச் சொன்னான்: "நிமித்துனா அது ராஜா இல்லடா மாமு, நீ. குந்து."

அதற்கு அப்புறம்

கைதட்டலில் அடுத்த காட்சி தொடங்கவே நேரமாகிவிட்டது. கத்தியவன்தான் ஓங்கி விசிலடித்தான். ராஜாவோடு பழகிய தளபதிகள்கூடப் பிற்பாடு அவர் மாதிரியே கழுத்தைச் சாய்த்துக்கொண்டு திரிந்தார்களாம், அதையும் அந்தக் கிரேக்கர் எழுதியிருக்கிறார் என்று சார் சொன்னபோது நான் நம்பவில்லை. மறுநாள் டிரெஸ்ஸைத் திருப்ப வந்த படை கடை வாசலில் போட்டோ எடுத்தது. ஒருத்தன் கழுத்தும் நேராக இல்லை.

போன வாரம் ஒரு அம்மா மாறுவேடப் போட்டிக்கு மகனைக் கூட்டிவந்தாள். நான் கிரீடத்தை நேராக வைத்துக் கட்டினேன். அவள் விடவில்லை.

"இன்னாக்கா இப்டி கட்டற? கழுத்த கொஞ்சம் லெப்ட்ல சாச்சு வுடு. நேரா நின்னா ராஜான்னு எவன் நம்புவான்?"

உலகத்தை ஜெயிக்க அந்த ராஜாவுக்குப் பெரும்படை தேவைப்பட்டது, திருவொற்றியூரை ஜெயிக்க எங்கள் ஏழுமலைக்கு ஒரு காலரைக் கழற்றி எறிந்ததே போதும், அந்தக் காலரை எடுத்தவர் யாராவது இதைப் படித்தால் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிடுங்கள்.