சிமென்டில் மூடிய சன்னல்

1. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பா கீழ்க்கட்டளையில் ஒரு ஃபிளாட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தார்.
2. புரமோட்டர் அவருக்குக் காட்டியது பிளான் அல்ல, பிரான்சில் எங்கோ இருக்கும் ஒரு பழைய மாளிகையின் வண்ணப் புகைப்படம். முகப்பு அச்சு அசலாக இப்படியே வரும் என்றார்.
3. நான் சிவில் டிப்ளமோ முடித்து, தாம்பரத்தில் ஒரு பொறியாளரிடம் வரைபடம் போடும் வேலையில் இருந்தேன். பிளானைக் கேட்டேன். "பெரியவங்க பேசி முடிச்சாச்சு" என்றார் அப்பா.
4. பெயின்ட் அடித்த பிறகுதான் என்னையும் அம்மாவையும் அழைத்துப்போனார்.
5. சமையலறையில் சன்னல் இல்லை.

அம்மாவுக்கு வீசிங் உண்டு. அனகாபுத்தூர் வாடகை வீட்டில் மிளகாய் தாளித்தால் வாசலுக்கு ஓடிவந்துதான் மூச்சு வாங்குவாள். சொந்த வீடு என்றதும் அவள் கேட்டது ஒன்றுதான்: காற்று வருகிற சமையலறை.

கீழே இறங்கித் தெருவில் நின்று பார்த்தேன். வெளியே சன்னல் இருந்தது. மேலே வளைவு, கீழே பச்சை நிறத்தில் மூடிய மரக்கதவுகள். அவை மரமல்ல. சுவர்மேல் சிமென்ட் பூசி, கரண்டியால் பலகைக் கோடு கிழித்துப் பெயின்ட் அடித்திருந்தார்கள். முகப்பில் அப்படி மூன்று. மற்றவை எல்லாம் நிஜ சன்னல்கள்.

கொத்தனார் கரண்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏண்ணா இதை மட்டும் மூடிட்டீங்க?"

"போட்டோல மூடிக்கினு கீது மேடம். நான் இன்னா பண்றது? ஒரு கோடு மாறக்கூடாதுன்டாரு புரமோட்டரு."

சட்டைப்பையிலிருந்து புகைப்படத்தை எடுத்துக் கொடுத்தார். வெயில் இடப்பக்கத்தில் அடித்திருந்தது. அந்தப் பக்கத்து மூன்று சன்னல்கள் மட்டும் சாத்தியிருந்தன. அந்த ஊரில் யாரோ கண் கூசுகிறதென்று சாத்தியிருப்பார்கள். வெயில் தாழ்ந்ததும் திறந்திருப்பார்கள். அதைப் பார்த்து இங்கே சிமென்ட் பூசிவிட்டார்கள்.

அப்பாவோடு நின்றிருந்த புரமோட்டரிடம் சொன்னேன். அவர் சிரித்தார்.

"பாரிஸ்ல கீற மாதிரியே கீதுன்னு போறவன் வர்றவன்லாம் நின்னு பாக்கறான். நீ என்னம்மா? ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டுக்கோ."

"எதுல போடறது சார்? சுவர்ல ஓட்டையே இல்லையே."

"சும்மா இரு" என்றார் அப்பா. என்னைத்தான். பிறகு அவரிடம் திரும்பி, "படிச்ச பொண்ணு சார், அப்படித்தான் பேசும்" என்றார்.

அம்மா புடவைத் தலைப்பை மூக்கில் பிடித்துக்கொண்டு, "விடுடி, பழகிடும்" என்றாள். புரமோட்டர் சிரித்ததைவிட எனக்கு ஆத்திரம் மூட்டியது இதுதான். மூச்சு விடாமல் இருக்க எப்படிப் பழகுவது? பிளான் படிக்கத் தெரிந்த ஒருத்தி வீட்டிலேயே இருக்க, வாழ்நாள் சேமிப்பை ஒரு புகைப்படத்தை நம்பிக் கொடுத்த மனிதரை இவள் ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை?

சாவி கைக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். கொத்தனாரை வரச்சொன்னேன்.

"மேல பாரம் தாங்க லிண்டல் போட்டுத்தான் வச்சிக்கீறேன். உடச்சா ஒண்ணியும் ஆவாது" என்றார். "உங்கப்பா கேட்டா?"

"என்னைச் சொல்லுங்கண்ணா."

"சொல்றதா? அவரு வந்தா நான் நிக்கவே மாட்டேன்."

மத்தியானத்துக்குள் சுவர் திறந்தது. பச்சைச் சிமென்ட் துண்டு துண்டாகத் தெருவில் விழுந்தது. மாடியிலிருந்து ஒருவர், "என்னம்மா, லுக்கே போச்சே!" என்று கத்தினார். போகட்டும் என்று நானும் கத்தினேன்.

அதன்பிறகு சமையலறைக்கு இரும்புக் கம்பி வைத்த ஒரு சன்னல் வந்தது. முகப்பைப் பழையபடி மூடித் தரவேண்டும் என்று ஃபிளாட்காரர்கள் அசோசியேஷன் இரண்டு கடிதம் அனுப்பியது. நான் பதில் எழுதவில்லை. அப்பா என்னோடு பேசுவதை நிறுத்தினார். அம்மா உள்ளே நின்றே தாளித்தாள்.