உண்மைக்கு மூன்று சுழி

"சத்தியமா நாளைக்கு முடிஞ்சிடும்" என்று முதலாளி தொலைபேசியில் யாருக்கோ வாக்குக் கொடுத்துக்கொண்டிருக்க, ப்ரூஃப் அக்கா தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்கிறார்: "சத்தியம் இரவல் வார்த்தைங்க. வாங்கின இடத்துல திருப்பிக் கொடுத்துடுங்க. நமக்குச் சொந்தமா மூணு இருக்கு."

அந்த மூன்றும் எங்கள் அச்சகத்தில் எல்லாருக்கும் மனப்பாடம். உள்ளே இருப்பது உண்மை, வாயில் வருவது வாய்மை, உடம்பே சாட்சி சொன்னால் மெய். அச்சுக்குப் போகுமுன் பிழை பார்க்கும் தாளுக்கு மெய்ப்பு என்று பெயர் இருப்பதில் அக்காவுக்கு அப்படியொரு பெருமை. ஏதோ தானே பெயர் சூட்டியதுபோல் நடந்துகொள்வார். ஒரு சொல்லின் வேரைப் பிடித்துவிட்டால் போதும், சாப்பாட்டு டப்பா திறந்தபடியே ஆறிக் கிடக்கும். வயது நாற்பத்தொன்று. காதுமேல் ஒரு சிவப்புப் பேனா, அதைத் தேடும் கையில் இன்னொன்று.

பிழை என்று வந்துவிட்டால் தாட்சண்யமே கிடையாது. முன்பு ஒருவர் கொடுத்த காதல் கடிதத்தைப் பதினேழு இடத்தில் திருத்தி, 'மறுபடி காட்டவும்' என்று எழுதித் திருப்பியவர். அந்த மனிதர் மறுபடி காட்டவில்லை.

அதனால்தான் போன செவ்வாய்க்கிழமை நாங்கள் இயந்திரத்தை நிறுத்திவிட்டு அக்கா மேசையருகே கூடிவிட்டோம். எங்கள் பைண்டர், அக்கா பேசுவதைக் கேட்பதற்காகவே ஆறு வருடமாகப் பசை வாளியை அவர் மேசைப் பக்கம் நகர்த்தி நகர்த்தி வைத்தவர், ஒரு துண்டுத் தாளை நீட்டினார். வெட்கமில்லாமல் எல்லாரும் எட்டிப் பார்த்தோம். 'உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசை. இது உன்மை.'

இரண்டு சுழி 'ன'. ஆள் தொலைந்தார் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

பேனா இறங்கி, அந்தச் சொல்லின்மேல் நின்றது. "உண்மைக்கு மூணு சுழி. அதுக்கு வேர் 'உள்'. நீங்க எழுதினதுக்கு என்னங்க வேர்?"

பைண்டர் பசைக் கையைச் சட்டையிலேயே துடைத்தார். "உன்..." என்றவர், தான் சொன்னதைத் தானே கேட்டுத் திடுக்கிட்டார். "தெரியாமத்தாங்க எழுதினேன். ஆனா வேர் சரியாத்தான் இருக்கு."

அக்காவுக்குக் காதுவரை சிவந்துவிட்டது. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல் இருந்தது. பக்கத்தில் நின்ற முதலாளியின் தோளை நான் கிள்ளியதாக அவர் பிறகு சொன்னார்.

திருத்த வேண்டாம், உள்ளபடியே இருக்கட்டும் என்பதற்கு நாங்கள் சொல்லுக்கு அடியில் புள்ளி வைப்போம். அக்கா ஒன்று வைத்தார், இரண்டு வைத்தார், சொல் முடிந்த பிறகும் நிறுத்தாமல், தாளைத் தாண்டி மேசைமேலும் வைத்துக்கொண்டே போனார்.