இடது இடுப்புக் குடம்

நான் எஃப்.ஏ. தேறிய கையோடு கல்யாணமும் ஆயிற்று. அம்பாசமுத்திரத்துக்குப் பக்கத்தில், ஆற்றங்கரையில் எங்கள் ஊர். கல்லூரியில் வாங்கிய உடற்கூற்றுப் புத்தகம் ஒன்று என்னிடம் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஊராரின் நடையிலெல்லாம் குற்றம் கண்டுபிடித்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி தண்ணீர்க் குடத்தை எப்போதும் இடது இடுப்பில்தான் வைப்பாள். ஒரே பக்கம் சுமந்தால் முதுகெலும்பு வளைந்துவிடும், இனி வலது பக்கமும் வைத்துப் பழகு என்றேன்.

"வச்சுப் பாத்தேன். குடம் நிக்க மாட்டேங்கு, கீழ இழுக்குது."

"பழகினா நிக்கும். சொன்னதைச் செய்."

மூன்றாம் நாள், வலது இடுப்பில் நிறைகுடத்தோடு படித்துறை ஏறும்போது வலது கால் மடங்கி விழுந்தாள். எலும்பு முறியவில்லை. கணுக்காலில் எலும்போடு எலும்பைப் பிணைக்கும் நார் கிழிந்திருந்தது. முறிந்த எலும்பாவது கூடிவிடும், இந்த நார் பழையபடி இறுகாது என்றார் வைத்தியர்.

"ஆத்துக்குப் போவ முடியுமா?" அது ஒன்றைத்தான் அவள் கேட்டாள்.

"பாப்போம்மா" என்றார். கட்டுப் போட்டு முடித்து, இரண்டு கால்களையும் சேர்த்து வைத்துப் பார்த்தார். வலது கால் பிறவியிலேயே ஒரு விரல்கடை குட்டை. அதனால் இடது இடுப்பு சற்றே தூக்கி நின்று குடத்தைத் தாங்கியிருக்கிறது. ஊர் நடையை அளந்த நான் வீட்டு நடையைப் பார்க்கவில்லை.

விசாரிக்க வந்தவர்களிடம், "படியில பாசி, வழுக்கிட்டு" என்றேன். அவள் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தாள். விழுந்ததைவிட அந்தப் பொய்தான் இந்த வயதிலும் என்னை உறுத்துகிறது.

தண்ணீருக்கு நானே போனேன். குடத்தை இடுப்பில் வைத்தால் நழுவி இறங்கியது. ஆணின் இடுப்பு ஒடுங்கியது. புத்தகத்தில் படம் போட்டே காட்டியிருந்தார்கள்.

குளித்துக்கொண்டிருந்த என் சிநேகிதன் சிரித்தான். "என்ன வே, எஃப்.ஏ. படிச்சது இதுக்குத்தானா? பாசி ஒம்ம வீட்டுக்காரிய மட்டும் பாத்து வழுக்குச்சோ?"

"பாசி இல்ல வே. நான்தான் விழ வச்சேன்." படித்துறையில் எல்லாரும் கேட்கவே சொன்னேன். வீட்டுக்கு வந்து அவளிடமும் சொன்னேன்.

"தெரியாதாக்கும்? குடத்தைத் தோள்ல வைங்க. பாதி ஆறு ஒங்க வேட்டியிலல்லா இருக்கு" என்றாள்.

ஏழு மாதம் கழித்து அவள் மெல்ல ஆற்றுக்கு இறங்கினாள். கணுக்கால் லேசாக ஆடியது. சின்னக் குடம் ஒன்றை நிறைத்து இடது இடுப்பில் வைத்தாள். நான் பின்னாலேயே அவள் காலைப் பார்த்துக்கொண்டு ஏறினேன்.

"பாத்துக்கிட்டே வராதீங்க. முன்னால நடங்க."

நடந்தேன். பின்னால் குடத்துத் தண்ணீர் சளக் சளக்கென்று சீராக வந்துகொண்டிருந்தது.