ரோடு எந்தப் பக்கம்?

எந்த ஊரில் ஆட்டம் என்றாலும் தனகோட்டி முதலில் கேட்பது எதிரணி யார் என்பதல்ல. "ரோடு எந்தப் பக்கம்?" என்பார். மைதானத்துக்கு வந்ததும் கோட்டோரமாக ஒரு சுற்று நடப்பார். பஸ் போகும் பாதை எது, நிறுத்தம் எங்கே, எத்தனை அடி தூரம் என்றெல்லாம் பார்த்துக்கொண்ட பிறகுதான் பூட்ஸைக் கையில் எடுப்பார். மாப்பிள்ளை வீடு பார்க்க வரும் பெண் வீட்டார்கூட அத்தனை துருவமாட்டார்கள்.

வயது முப்பத்தெட்டு. செஞ்சியிலிருந்து மேல்மலையனூர் போகும் தனியார் பஸ் ஒன்றில் பதின்மூன்று வருடமாக டிரைவர். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் செஞ்சி அணியின் ஃபுல்பேக், அதாவது கோலுக்கு முன்னால் ஓரத்தைக் காக்கிற ஆள். தொந்தி லேசாக எட்டிப் பார்க்கிறது. ஓட்டத்தில் இருபது வயதுப் பையன்களிடம் தோற்றுவிடுவார்; ஆனால் அவரைத் தாண்டிப் போவது லேசில்லை. எதிராளிக்குக் கோட்டோரமாகக் கொஞ்சம் இடம் விடுவார். அவன் ஆசைப்பட்டு நுழைந்ததும் வழியை மூடிவிடுவார். "ஓவர்டேக் பண்ண வர்றவன மொறைக்கக் கூடாது. வழி இருக்குதுன்னு நம்ப வெக்கணும்" என்பது அவருடைய சித்தாந்தம். பஸ் ஸ்டாண்டு வாசலில் ஷேர் ஆட்டோக்காரர்களோடு மல்லுக்கட்டிப் படித்த பாடம் அது.

இப்பேர்ப்பட்டவர் இரண்டு வருடத்துக்கு முன், காணும் பொங்கல் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் செய்த காரியத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தது. யாரும் கோல் போடவில்லை. ரோட்டுப் பக்க ஓரத்தில் தனகோட்டியின் காலில் பந்து, முன்னால் வெட்டவெளி. ஓங்கி ஓர் உதை விட்டால் போதும். அவரோ வலது காலைப் பந்தின் மேல் அழுத்தி வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எதிரணிப் பையன் வந்து, கோயிலில் சுண்டல் வாங்குகிற மாதிரி பந்தை வாங்கிக்கொண்டு போய்க் கோல் போட்டான்.

நடந்தது இதுதான். அன்று தனகோட்டி லீவு; அவருடைய பஸ்ஸை வேறொருவர் ஓட்டினார். மைதானத்தை ஒட்டி பஸ் வந்தபோது கண்டக்டர் விநாயகம் ஒரு விசில் கொடுத்தான். ஒரு விசில் என்றால் நிறுத்து, இரண்டு என்றால் கிளம்பு. ஒன்பது வருடமாக அந்த விசிலுக்குப் பிரேக் மிதித்த கால் அது. தலையைக் கேட்காமலே மிதித்துவிட்டது.

இதை வெளியே சொல்ல முடியுமா? சொன்னால் ஊர் கைகொட்டிச் சிரிக்கும். அதைவிடச் சங்கடம், பழி விநாயகத்தின் தலையில் விழும். அதனால் கெண்டைச் சதை பிடித்துக்கொண்டது என்று சொல்லிவைத்தார். ஊர் நம்பவில்லை, பிரியாணிக்கு விலைபோனார் என்றது. நம்பிய ஒரே ஆள் விநாயகம்தான். பிரியாணிக் கதை சொன்ன ஒருவனோடு டீக்கடையில் சட்டை கிழியச் சண்டை போட்டான். அதோடு விட்டானா? தனகோட்டியைக் கட்டு வைத்தியரிடம் இழுத்துக்கொண்டு போய், ஒன்றுமே இல்லாத காலுக்கு ஒரு மாதம் எண்ணெய்க் கட்டு போடவைத்தான். அந்த நாற்றத்தோடு அவரும் வாயைத் திறக்காமல் பஸ் ஓட்டினார்.

அணியில் ஆறு மாதம் அவரை யாரும் கூப்பிடவில்லை. கடைசியில் கேப்டன் எழிலரசனின் செல்போன் கடைக்குப் போய், அவனிடம் மட்டும் உண்மையைச் சொன்னார். எழிலரசன் கண்ணாடிப் பெட்டி மேல் குப்புற விழுந்து சிரித்தான். சிரித்து முடித்ததும் ஒரு காகிதத்தை எடுத்து மைதானத்தை வரைந்தான். ஒரு பக்கம் ரோடு, மறுபக்கம் பாறை மலை. முதல் பாதியில் மலை இருப்பது இடது கைப்பக்கம். அணிகள் இடம் மாறிய பிறகு அதுவே வலது கைப்பக்கம். ஆகவே தனகோட்டி முதல் பாதியில் லெஃப்ட் பேக், இரண்டாம் பாதியில் ரைட் பேக் என்று முடிவாயிற்று. "மலப்பக்கம் ஆடும் கொரங்கும்தாணா. எதுவும் விசில் ஊதாது" என்று தைரியம் சொன்னான்.

அதன் பிறகு அவர் பக்கம் ஒரு கோல்கூட விழவில்லை. பாதியில் இடம் மாறும் இந்த ஃபுல்பேக்கைப் பார்த்து எதிரணிகள் குழம்பின. வெளியூர்ப் பயிற்சியாளர் ஒருவர் நோட்டில் வரைந்துகொண்டு போனார். யூடியூப்பில் ஒரு பையன் அம்புக்குறியெல்லாம் போட்டு, இது ஐரோப்பாவே இனிமேல்தான் யோசிக்கப்போகும் உத்தி என்று பன்னிரண்டு நிமிடம் விளக்கினான். தனகோட்டியும் முழுக்கப் பார்த்தார். ஒன்றும் புரியாமல் லைக் போட்டார்.

இந்தத் தை மாதமும் செஞ்சி அணி இறுதி ஆட்டத்துக்கு வந்தது. இந்த முறையும் கால் நின்றால் தானே வெளியே எடுத்துவிடுவதாக எழிலரசன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். மலைப்பக்கம் போய் நின்ற தனகோட்டி தலையை நிமிர்த்திப் பார்த்தார். லீவு போட்டுவிட்டு வந்திருந்த விநாயகம், தன் டிரைவருக்குப் பக்கத்திலேயே இருக்கலாம் என்று மலையடிப் பாறை மேல் ஏறி நின்றிருந்தான். கழுத்தில் விசில்.

தனகோட்டி பந்தைத் தொட்டபோதெல்லாம் விநாயகம் சந்தோஷத்தில் ஊதினான். இரண்டு தடவை கால் நின்றது. இரண்டு தடவையும் கோல்கீப்பர் பாய்ந்து காப்பாற்றினான். பாதி ஆட்டம் முடிந்ததும் எழிலரசன் மாற்று ஆளைப் பார்த்துக் கையசைத்தான். தனகோட்டி அவனிடம் ஐந்து நிமிடம் கெஞ்சி வாங்கிக்கொண்டு பாறையடிக்குப் போனார்.

"விநாயகம், அந்த விசில எடுத்து பாக்கெட்ல போடு. நீ ஊதனா என் கால் நின்னுடுது. அன்னிக்கி கோல் போனதும் அதனாலதான்."

விநாயகம் விசிலைக் கையில் பிடித்துப் பார்த்தான். "அன்னிக்கி அங்க எறங்க ஆளே இல்லணா. நீ ஆடுறத ஒரு நிமிஷம் பாக்கலாம்னுதான் வண்டிய நிறுத்தனேன்" என்றான். விசிலைக் கழற்றிப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

இரண்டாம் பாதியில் தனகோட்டியை ஓர் ஈகூடத் தாண்டவில்லை. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று செஞ்சி ஜெயித்தது. கோப்பையோடு எடுத்த படத்தில் எல்லோரும் கேமராவைப் பார்க்கிறார்கள்; அவர் மட்டும் ரோட்டைப் பார்க்கிறார். இரண்டு வருடம் கட்டிக்காத்ததை ஐந்து நிமிடத்தில் உடைத்துவிட்டோமே என்று அவருக்கு மனசு ஆறவில்லை. கோப்பையில் ஊற்றித் தந்த கூல்டிரிங்க்ஸைப் பக்கத்துப் பையனிடம் தள்ளிவிட்டார்.

மறுநாள் தை அமாவாசை. மலையனூருக்கு முதல் நடையிலேயே படிவரை கூட்டம். விநாயகம் டிக்கெட் கிழித்தான், முகம் கொடுக்கவில்லை. விசிலைத் தொடவே இல்லை. ஆள் ஏறி முடித்ததும் பஸ்ஸின் தகரத்தைக் கையால் தட்டி, "போலாம்ணா" என்றான்.

பஸ் நகரவில்லை. பின்னால் நின்ற ஸ்பெஷல் பஸ் ஹாரன் அடித்தது. வேப்பிலைக் கொத்தோடு நின்ற ஒரு அம்மாள், டிரைவருக்கு என்ன வந்தது என்று கேட்டாள். தனகோட்டி என்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டீயரிங் மேல் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடியில் விநாயகத்தையே பார்த்தார். விநாயகம் வெகுநேரம் கழித்துச் சட்டைப் பாக்கெட்டுக்குள் கையை விட்டான். இரண்டு விசிலும் முழுசாக வந்த பிறகுதான் தனகோட்டி என்ஜினைக் கிளப்பி, பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.