மாத்திரை மாற்றியவர்

இலவசமாகக் கிடைக்கிற மருந்தை ஜனங்கள் மதிப்பதில்லை என்று போன மாதம் திண்டிவனத்தில் மைக் பிடித்துப் பேசினீர்களே டாக்டர், மதிக்காதே என்று எங்கள் அத்தைக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

உங்கள் பெயரை எழுதப்போவதில்லை. எழுதாவிட்டாலும் உங்களுக்குத் தெரியும். அரசாங்கம் எல்லாருக்கும் மருந்து வாங்கித் தரவேண்டுமா என்பது அன்றைய கூட்டத்துக்குத் தலைப்பு. பரம ஏழைக்கு மட்டும் கொடுத்தால் போதும், மற்றவன் காசு கொடுத்து வாங்கட்டும், அப்போதுதான் ஒழுங்காகச் சாப்பிடுவான் என்றீர்கள். கைதட்டினார்கள். நான் பின்வரிசையில் இருந்தேன். கேள்வி கேட்க நேரமில்லை என்று எல்லாரையும் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுக்குப் பெருமுக்கல் பக்கம் ஊர். அத்தை என் அப்பாவுக்கு அக்கா. அவள் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல இருக்கும். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆகவே நான் சாப்பிடுவது ஒரு வீட்டிலும் தூங்குவது ஒரு வீட்டிலுமாக வளர்ந்தேன். அத்தையின் கணவரான மாமா, சொந்த நிலத்தில் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் கொஞ்சம் நெல்லும் வைத்துக்கொண்டிருந்தார். பெரிய பணம் கிடையாது. ஆனால் இல்லாதப்பட்டவர்கள் என்று யாராவது சொல்லிவிட்டால் அத்தை அன்றைக்குச் சோறு தின்னமாட்டாள்.

அத்தைக்குத் தலைசுற்றல் வந்தது. மாமா பக்கத்துக் கவர்மெண்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பிரஷர் என்று சொல்லி அட்டை அட்டையாக மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள். தலைசுற்றல் நின்றுவிட்டது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே கிடையாது.

அடுத்து அவளுக்கு முட்டிவலி வந்தது. முட்டிக்கு ஊசி போட்டால்தான் கேட்கும் என்று யாரோ சொல்ல, திண்டிவனத்தில் உங்கள் கிளினிக்குக்கு வந்தோம். என்னையும் கூட்டிவந்தாள். நான் மூன்றாம் வகுப்பு. பஸ்ஸுக்காகவும் பேக்கரி பன்னுக்காகவும் வந்தேன். வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டீர்கள். அத்தை பைக்குள் கைவிட்டு அந்த அட்டையை எடுத்துக் கொடுத்தாள். நீங்கள் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினீர்கள்.

“பாப்பா, இதுல என்ன போட்டிருக்கு? சத்தமா படி.”

எழுத்துக் கூட்டிப் படித்தேன். விற்பனைக்கு அல்ல. வல்லின றகரத்தைச் சரியாகச் சொன்னேன். “வெரி குட்” என்று என் கன்னத்தைத் தட்டினீர்கள். பிறகு அத்தை பக்கம் திரும்பினீர்கள்.

“புரியுதாம்மா? எந்தக் கடையிலயும் விக்க முடியாத மாத்திரை. நிலம் நீச்சு இருக்கற குடும்பம், இதையா சாப்பிடறீங்க?”

அவ்வளவுதான் சொன்னீர்கள். அதில் பொய் என்று ஒரு வார்த்தையைக்கூடப் பிடிக்க முடியாது. கெட்டிக்காரர்.

திரும்பி வரும் பஸ்ஸில் அத்தை அந்த வார்த்தைக்கு அர்த்தம் கண்டுபிடித்துவிட்டாள். மல்லாட்டை மூட்டையைத் திண்டிவனம் மார்க்கெட் கமிட்டிக்கு ஏலத்துக்குக் கொண்டுபோய்ப் பழகியவள் அவள். “நல்ல கொட்டைய தராசுல வெப்பான். உள்ள பருப்பில்லாம பொக்கா இருந்தா, எட்த்துக்கினு போன்னுவான். விக்காததுன்னா இன்னா அர்த்தம்? பொக்குன்னு அர்த்தம். அத நம்ப தலைல கட்டியிருக்கான் பாரு” என்றாள். பக்கத்து சீட்டுப் பெண்கள் ஆமாம் என்றார்கள். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது.

அன்றிலிருந்து உங்கள் மாத்திரை. உங்கள் கம்பவுண்டர் பெரிய டப்பாவிலிருந்து எண்ணி எடுத்து, உங்கள் பெயரும் பட்டமும் அச்சடித்த பழுப்புக் கவரில் போட்டுத் தருவார். அட்டையில் இருந்ததும் சின்ன வெள்ளை மாத்திரை. கவரில் இருந்ததும் சின்ன வெள்ளை மாத்திரை. அத்தை கவரைச் சாமி படத்துக்குக் கீழே வைத்தாள்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. போட்ட விதை கூடத் திரும்பவில்லை. அத்தை யாரிடமும் சொல்லாமல் மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்தாள். பிறகு தலை சுற்றுகிற அன்றைக்கு மட்டும். காசு கொடுத்து வாங்கினால் ஒழுங்காகச் சாப்பிடுவான் என்றீர்களே, எங்கள் வீட்டில் நடந்தது இது. காசு கொடுத்து வாங்கியதால்தான் மிச்சம் பிடித்தாள்.

மாமா ஒருநாள் கவரைத் தூக்கிப் பார்த்தார். தீர்ந்திருக்க வேண்டிய மாத்திரை பாதிக்குமேல் அப்படியே இருந்தது.

சில நாள் கழித்து வயலில் இருந்த மோட்டார் கொட்டகைக்குத் தண்ணீர் குடிக்கப் போனேன். பாம்புக்குப் பயந்து அத்தை அந்தப் பக்கம் வரமாட்டாள். மாமா உள்ளே குந்திக்கொண்டு, கவர்மெண்டு அட்டையிலிருந்து மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கி உங்கள் பழைய கவருக்குள் போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் திருடன் மாதிரி முழித்தார்.

“இன்னா மாமா பண்றீங்க?”

“சட்டய மாத்தி உடறேன்.”

“மாத்திரைக்கா?”

“ஆமா. கந்தல் சட்டயில வந்தா உங்க அத்த உள்ள சேக்க மாட்றா. டாக்டரு சட்ட போட்டுக்கினு வந்தா ஒக்கார வெச்சி மரியாத பண்றா. ஆளு ஒரே ஆளுதான். நீ போயி சொல்லிக்கினு இருக்காத.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்கெல்லாம் அத்தையைப் பார்க்கும்போது சிரித்துச் சிரித்து, பேய் பிடித்ததா என்று திட்டு வாங்கினேன்.

அந்தச் சட்டை மாற்றல் நன்றாக நடந்தது. மாதா மாதம் மாமா திண்டிவனம் போவதாகச் சொல்லிவிட்டு, கவர்மெண்டு ஆஸ்பத்திரி வரிசையில் நின்று வாங்கிவருவார். துட்டுக்கு இப்போது பஞ்சமில்லை, வெளியே கொடுத்த கைமாற்று திரும்பி வந்துவிட்டது, தினமும் போடு என்று அத்தையிடம் ஒரு பொய்யும் சொல்லியிருந்தார். அத்தை தினமும் போட்டாள். தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி வைத்துச் சொல்வாள்: “துட்டு குட்த்து வாங்கன மாத்திர மாத்திரதான். தலசுத்தலு போன எடம் தெரியல.” மாமா தாடையைத் தடவிக்கொண்டு, “டாக்டரு கைராசி மே” என்று அவளிடம் சொல்வார்.

பிறகு அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மாமா ஊரில் இல்லை. என்னைத் துணைக்கு வைத்துக்கொண்டு அத்தையே கிளம்பி உங்களிடம் வந்தாள். உங்கள் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரை மட்டும்தான். அதையும் மடித்துச் செருகியிருந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களில் பாதிப்பேர் எங்கள் ஊர் பக்கம். கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தீர்கள்.

“பிரஷர் நார்மல். ரொம்ப நல்லா கட்டுப்பட்டிருக்கே. ஆமா, நீங்க இங்க வந்தே நாளாச்சே, மாத்திரை எங்க வாங்கறீங்க?”

“உங்க மாத்திரதான் சார். அவுருதான் மாசாமாசம் வந்து வாங்கியாராரு” என்று அத்தை பெருமையாகக் கவரை எடுத்து நீட்டினாள்.

கவரைக் கவிழ்த்து மாத்திரையை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தீர்கள். உங்களுக்கே வித்தியாசம் தெரியவில்லை. கம்பவுண்டரைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். அவர்தான் சொன்னார்: “அந்த ஆளு இங்க வர்றதே இல்ல சார். நான் வர்ற வழில கவர்மெண்டு ஆஸ்பத்திரி லைன்ல நிக்கறத நான் பாத்துக்கினுதான இருக்கேன்.”

அதற்குப் பிறகுதான் உங்களுக்குத் தெரிந்தது. தெரிந்ததும் குரலை உயர்த்தினீர்கள்.

“தர்ம மாத்திரையை என் கவர்ல போட்டு உங்களுக்கு ஊட்டறாரும்மா உங்க வீட்டுக்காரர். கட்டின பொண்டாட்டிக்கு ஒரு நல்ல மாத்திரை வாங்கித் தர மனசு வரலை பாருங்க.”

பெஞ்சில் சிரித்தார்கள். அத்தை எழுந்து முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தாள். காய்ச்சலுக்கு மருந்துகூட வாங்கவில்லை. பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குப் பன் கிடைக்கவில்லை என்பதுதான் எனக்கு வருத்தம்.

மறுநாள் மாமா வந்தார். அத்தை சண்டை போடவில்லை. சோறு போட்டாள், தண்ணீர் வைத்தாள், உள்ளே போய்ப் படுத்துக்கொண்டாள். நடந்ததை நான்தான் சொன்னேன். சிரித்தார்கள் என்றதும் தலையைக் குனிந்துகொண்டவர், நார்மல் என்றதும் நிமிர்ந்தார். “நார்மல்னா சொன்னாரு? நீ கேட்டியா?” என்று திருப்பித் திருப்பிக் கேட்டார். வெள்ளைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு என்னையும் கூட்டிக்கொண்டு உங்கள் கிளினிக்குக்கு வந்தார்.

உள்ளே வரவில்லை. எல்லாரும் உட்கார்ந்திருந்த பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றார். நினைவிருக்கிறதா?

“சார், சண்டைக்கு வர்ல. ஒரே ஒரு விசயம். எங்க வூட்டம்மாவுக்குப் பிரஷர் நார்மல்னு சொன்னீங்களாம். தோ, இந்தப் பொண்ணு கேட்டுக்கினு இருந்துது. எந்த மாத்திரைல நார்மல் ஆச்சி சார்? அத மட்டும் இவங்க எதிர்ல சொல்லிடுங்க. அவ வந்து கேக்க மாட்டா. ஆனா இவங்க போயி அவகிட்ட சொல்லுவாங்க. நான் போய்க்கினே இருக்கேன்.”

நீங்கள் கைக்கடிகாரத்தைப் பார்த்தீர்கள். “கம்பவுண்டர், இவருக்கு முதல்ல பிரஷர் பாருப்பா. எகிறுது போல” என்றீர்கள். இந்தத் தடவை முந்தின நாளைவிடப் பெரிய சிரிப்பு. அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டார்கள். மாமாவும் கூடச் சேர்ந்து சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு வெளியே வந்தார். மாமா தோற்றுவிட்டார் என்று நினைத்தேன்.

அத்தை அதற்குப் பிறகு எந்த மாத்திரையும் போடவில்லை. உங்களிடம் வர வெட்கம். “எந்த மூஞ்சிய வெச்சிக்கினு அங்க போறது?” என்பாள். மாமா எதையும் மறைக்காமல் அட்டையோடு சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். “தோ, கவர்மெண்டு மாத்திரதான். நல்ல மாத்திர மே. உனுக்குக் கேட்டுதில்ல, போட்டுக்க” என்று கெஞ்சுவார். “பொக்கு” என்று ஒரு வார்த்தை சொல்லித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

அடுத்த மல்லாட்டை அறுவடையின்போது, செடியிலிருந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தவள் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். வாங்கிய சொம்பு கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தாள், கை வரவில்லை. வாய் ஒரு பக்கமாகப் போயிருந்தது. விழுப்புரத்துக்குக் கொண்டுபோய் உயிரைக் காப்பாற்றினார்கள். இடது கையும் காலும் திரும்ப வரவில்லை. பேச்சும் குழறிப்போயிற்று. கடைசிவரை மாமாதான் குளிப்பாட்டி, தலை பின்னி, மாத்திரை கொடுத்தார். அதே கவர்மெண்டு மாத்திரை. எங்கே வாங்கினாய் என்று கேட்க அவளுக்கு வாய் இல்லை.

ஊர் வேறு கணக்குப் போட்டது. மாத்திரையை மாற்றிக் கொடுத்தான், அதனால்தான் கைகால் இழுத்துக்கொண்டது என்றார்கள். மாத்திரையை நிறுத்தியதால் வந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தர்ம மாத்திரை என்று உங்கள் வாயால் சொல்லக் கேட்டவர்கள் ஆயிற்றே. மாமாவுக்கு மாத்திரை மாற்றியவர் என்றே பெயர் நின்றுவிட்டது. அத்தை போய்ப் பல வருஷமாகிறது, பெயர் போகவில்லை. முகையூரில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் இந்தத் தை மாதம்கூட, யாரோ ஒரு சின்னப் பையனுக்கு மாமாவைக் காட்டி, “இவருதான்டா பொண்டாட்டிக்கு மாத்திர மாத்தி குட்த்த தாத்தா” என்றார்கள். மாமா வெற்றிலையில் காம்பு கிள்ளுகிறதில் மும்முரமாக இருந்தார்.

எல்லாருக்கும் கொடுக்கவேண்டும் என்று நான் சொல்வதற்குப் பெரிய படிப்பெல்லாம் வேண்டியதில்லை. இல்லாதவனுக்கு மட்டும் என்று ஒரு மாத்திரையை ஒதுக்கினால், அதைத் தொடுகிறவன் இல்லாதவன் ஆகிவிடுகிறான். எங்கள் அத்தை மாதிரி கால் காணி நிலம் வைத்திருக்கிற மானஸ்தி அதைத் தொடமாட்டாள், செத்தாலும் சாவாள். கலெக்டர் வீட்டுக்கும் களை வெட்டுகிறவர் வீட்டுக்கும் ஒரே அட்டை போகட்டும். உங்கள் வீட்டுக்கும் போகட்டும். அப்புறம் எவன் அதைப் பொக்கு என்பான் என்று பார்க்கலாம்.

அந்த வயதில் எனக்குப் பொய் என்றால் மோட்டார் கொட்டகையில் குந்தியிருந்த மாமாதான். நீங்கள் அச்சில் இருந்ததை அப்படியே என்னைப் படிக்கவைத்தீர்கள், அதனால் நீங்கள் சொன்னது உண்மை. ஒருவர் பொய் சொல்லி நல்ல மருந்தைக் கொடுக்க முடியும், இன்னொருவர் உள்ளதை உள்ளபடி படிக்கச் சொல்லியே அதைப் பிடுங்கிவிட முடியும் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. கேள்விக்குப் பதில் இல்லாதவர்தான் சிரிக்க வைப்பார் என்பதும் புரியவில்லை.

மாமா இன்னும் இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம். இடத்தையும் நாளையும் நீங்களே சொல்லுங்கள், எங்கள் ஊர்க்காரர்களோடு அவரைக் கூட்டிவருகிறேன். கைக்கடிகாரத்தைப் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள் டாக்டர். எங்கள் அத்தைக்கு எந்த மாத்திரையில் பிரஷர் நார்மல் ஆனது?