எள்ளு பாட்டிலைத் திறந்தது நான்

பிள்ளைகளா, இதை நேரில் சொல்ல உட்கார்ந்தால் எனக்குக் குரல் ஏறிவிடுகிறது. உங்களைத் திட்டுகிறேன் என்று நினைத்துக்கொள்கிறீர்கள். அதனால் எழுதுகிறேன். உங்கள் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது.

கண்டோன்மெண்டில் இருக்கும் அந்த வெளிநாட்டுச் சாமான் கடைக்கு உங்களைப் பழக்கியதே நான்தான். ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்தில் பஸ் ஏறி, சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வேறு பஸ் மாறிப் போவோம். ஆளுக்கு ஒரு நாடு கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் நம் விளையாட்டு. பாக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தை நான் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் நீங்கள் நாட்டையே சொல்லிவிடுவீர்கள். நான் பத்தாவதோடு நின்றவன். கொரியாவிலிருந்து கடல்பாசியைத் தாள் தாளாக அனுப்புகிறார்கள். தாய்லாந்திலிருந்து டப்பாவில் தேங்காய்ப்பால் வருகிறது.

"ஏம்ப்பா, நம்ம ஊர்ல தேங்காய்க்கா பஞ்சம்?" என்று தம்பி சத்தமாகக் கேட்டதும் பக்கத்தில் நின்ற ஓர் அம்மாள் சிரித்துவிட்டார்.

திருவெறும்பூர்ப் பட்டறையில் ஆறு நாள் வெல்டிங் புகையில் நிற்கிறவனுக்கு அந்த ஒரு மணி நேரம் எவ்வளவு பெரிய சந்தோஷம் என்று உங்களுக்குத் தெரியாது. கிளம்பும்போது சின்னதாக ஏதாவது ஒன்று வாங்கிக்கொள்வோம்.

அன்றைக்கு அக்காதான் கூப்பிட்டாள். "அப்பா, இங்க பாருங்க, எள்ளு!" லெபனான் என்று போட்டிருந்தது. வெண்ணெய் மாதிரி அரைத்த எள்ளு விழுது.

நம் பக்கத்து நெய்க்கடையில் கேட்காமலே புறங்கையில் ஒரு சொட்டு வைப்பார்கள். தேய்த்து முகர்ந்து, சிக்கு வாடை இல்லை என்றால்தான் வாங்குவோம். நல்லெண்ணெய்க்கும் அப்படித்தான். அந்தக் கைப்பழக்கத்தில் மூடியைத் திருகிவிட்டேன். டப்பென்று சத்தம். மூடியை அக்கா கையில் கொடுத்துவிட்டு, விழுதைத் தொட்டுப் புறங்கையில் தேய்த்தேன்.

நீலச் சட்டை போட்ட சூப்பர்வைசர் வந்து நின்றார். என்னைப் பார்க்கவில்லை. மூடியைப் பார்த்தார்.

"யாரும்மா தொறந்தது? நீயா?"

மகளே, நீ என் முகத்தைப் பார்த்தாய். பிறகு, "ஆமா சார்" என்றாய்.

நான் என்ன சொன்னேன்? "சின்னப் புள்ள சார், தெரியாம பண்ணிட்டா."

"வாராவாரம் எக்ஸிபிஷன் பாக்குற மாதிரி வந்துடுறீங்க. வாங்குறதுன்னா வாங்குங்க. புள்ளைங்களுக்கு மொதல்ல கைய வெச்சுக்கிட்டுச் சும்மா இருக்கக் கத்துக்குடுங்க."

திறந்த பாட்டிலுக்குப் பில் போட்டார்கள், அது நியாயம். ஆனால் வாராவாரம் என்றாரே, அப்படியென்றால் நாம் சிரித்துக்கொண்டு நாடு தேடிய ஒவ்வொரு ஞாயிறும் நம்மைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்! கண்ணாடிக் கதவும் இத்தனை விளக்கும் எதற்கு வைத்திருக்கிறார்கள்? பார்க்கத்தானே? ஒரு பொருளை எடுத்து எந்த ஊர் என்று படிக்க ஒரு பிள்ளைக்கு உரிமை கிடையாதா?

அவரைத் திட்டி முடித்ததும் கோபம் என்னிடமே திரும்புகிறது. பதினொரு வயதுப் பெண்ணைத் தனக்கு முன்னால் நிறுத்தி ஒளிந்துகொண்டவன் நான். அவர் அதட்டினார், அவ்வளவுதான். நான் பொய் சொன்னேன்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது தம்பி கேட்டான்: "அக்கா ஏம்ப்பா பொய் சொன்னா? நீங்கதானே தொறந்தீங்க?"

"சும்மா இருடா" என்று நீதான் அவனை அடக்கினாய்.

அடுத்த ஞாயிறு கிளம்பலாமா என்று கேட்டேன். "டெஸ்ட் இருக்குப்பா. தம்பியக் கூட்டிட்டுப் போங்க" என்றாய். டெஸ்ட் இல்லை என்று எனக்குத் தெரியும். அக்கா வராமல் அவனும் வரமாட்டேன் என்றான்.

செவ்வாய்க்கிழமை பட்டறை விட்டதும் நான் மட்டும் அங்கே போனேன். அதே நீலச் சட்டைக்காரர் பில் போடும் இடத்தில் நின்றிருந்தார்.

"அன்னிக்கு எள்ளு பாட்டிலத் தொறந்தது எம்பொண்ணு இல்லீங்க. நான்தான் தொறந்தேன்."

அவர் முழித்தார். "எந்த பாட்டில் சார்? மாத்தணுமா? பில்லு இருக்கா?"

அவருக்கு ஞாபகமே இல்லை. எனக்குப் பின்னால் நாலைந்து பேர் கூடையோடு நின்றார்கள். அவர்களுக்கும் கேட்கிற மாதிரி, முதலிலிருந்து மறுபடியும் சொன்னேன்.